அனிமே லிஸ்டை எந்த சைட்டில் போடுவது?

போன வாரம் சித்தி மகள் போன் பண்ணினாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்க்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் எதை முடித்தோம், எதைப் பாதியில் விட்டோம், எதில் எத்தனையாவது எபிசோடு என்று எல்லாம் குழம்பிவிட்டதாம். "அண்ணா, லிஸ்ட் போட எந்த சைட் நல்லா இருக்கும்? ஒரே ஒரு பேர் சொல்லு போதும்" என்றாள். ஒரு பேர் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தடவை நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன், அதனால் ஒரு மணி நேரம் பேசினேன். அவளிடம் சொன்னதையும், போனை வைத்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அடிபட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் லிஸ்ட் போட்டது ஒரு சின்ன ஆப்பில். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பார்க்க அழகாக இருக்கும், போஸ்டர் எல்லாம் பெரிதாக வரும், ஒரு எபிசோடு முடிந்ததும் ஒரு தட்டு தட்டினால் எண் ஒன்று ஏறிவிடும். மூன்று வருஷம் அதில்தான் எல்லாம். ஒரு நாள் காலையில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாளும் அதே. அடுத்த வாரம் தேடினால் ஆப்பையே காணோம். 140 சொச்சம் பெயர்கள், அதில் பாதிக்கு மேல் நான் எழுதி வைத்த குறிப்புகள், எல்லாம் போயிற்று. பெயர்களை உட்கார்ந்து யோசித்துத் திரும்பப் பிடித்துவிட்டேன், ஒரு வாரம் ஆனது. ஆனால் எதை எந்தத் தேதியில் பார்த்தேன், கடைசி எபிசோடு முடிந்த ராத்திரி என்ன எழுதினேன் என்பதெல்லாம் எங்கிருந்து வரும்? அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம், வராந்தாவில் உட்கார்ந்து ஹெட்போனில் பார்த்த ஒரு தொடருக்கு நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரி கிடைத்தால் போதும் என்று இப்போதும் தோன்றும்.

அதனால் யாராவது ஒரு சைட்டைக் காட்டினால் நான் முதலில் டிசைனைப் பார்ப்பதில்லை. உள்ளே போட்டதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இந்த ஒரு விஷயத்தில் மைஅனிமேலிஸ்ட், எல்லோரும் சுருக்கமாக மால் என்று சொல்வது, இன்னமும் கெட்டி. 2004இல் ஒரு தனி ஆள் தொடங்கியது, பிறகு கைமாறிக் கைமாறி 2015இல் ஜப்பானின் டீஎன்ஏ கம்பெனியிடமும் 2019இல் மீடியா டூ என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனியிடமும் போனது. முகப்பு பழைய வாசனை அடிக்கும், விளம்பரம் நிறைய, அதெல்லாம் உண்மை. ஆனால் உங்கள் லிஸ்ட் முழுவதையும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு தடவை இறக்கி, சுருக்கியதை விரித்து, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அனிமேவுக்கும் சின்னதாக ஒரு பத்தி இருக்கும்: அந்தத் தளம் கொடுத்த எண், தலைப்பு, மொத்த எபிசோடு, நீங்கள் பார்த்த எபிசோடு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, மதிப்பெண், நிலை. தேதி போடாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் 0000-00-00 என்று இருக்கும். என் கோப்பில் சின்ன வயசில் டிவியில் பார்த்ததெல்லாம் வரிசையாக 0000-00-00தான். அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நெகிழ்ந்துவிடும், பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிஃபார்மோடு உட்கார்ந்து பார்த்த சாயங்காலங்களுக்குத் தேதி எங்கே இருக்கிறது.

அந்தக் கோப்பில் இருக்கும் எண்தான் முக்கியமான சரக்கு. மால் ஒவ்வொரு அனிமேவுக்கும் கொடுக்கும் எண் இந்த உலகத்தில் கிட்டத்தட்ட பின்கோடு மாதிரி ஆகிவிட்டது. மால் மாதிரியே இன்னொரு லிஸ்ட் தளமான அனிலிஸ்ட் தன் பதிவுகளில் தன் எண்ணோடு மால் எண்ணையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அதனால்தான் மாலின் எக்ஸ்எம்எல்லை எடுத்துக்கொண்டு போய் அனிலிஸ்டில் ஏற்றினால் சில நிமிஷத்தில் முழு லிஸ்டும் போய் உட்கார்ந்துவிடுகிறது. எந்தத் தளத்தின் எந்த எண் எதற்குப் பொருந்தும் என்று மால், அனிலிஸ்ட், இதே வகைத் தளங்களான கிட்சு, அனிடிபி எல்லாவற்றையும் கோத்து ஒரே தொகுப்பாக, நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்துப் பராமரிப்பவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்காமல் செய்கிற வேலை. நாம் ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகக் குடிபோக முடிவதற்கு இவர்கள் மாதிரியான ஆட்கள்தான் காரணம், நான் மனசார நன்றி சொல்வேன்.

பெரிய சைட் என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கும் மாலே உதாரணம். 2018 மே மாதக் கடைசியில் பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்தத் தளத்தைப் பல நாள் நிறுத்தி வைத்தார்கள். வெளி ஆப்கள் லிஸ்டைத் தொடுவதற்கான ஏபிஐயும் அப்போது அடைபட்டது, அதை நம்பி இருந்த செயலிகள் எல்லாம் வேலை செய்யாமல் போயின. லிஸ்ட் திரும்ப வந்துவிட்டது, நல்ல வேளை. புது ஏபிஐயும் பின்னால் வந்தது. ஆனாலும் அந்த நாட்களில் நிறைய பேர் அனிலிஸ்டுக்கும் கிட்சுவுக்கும் போனார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை.

சரி, இரண்டாவது விஷயம். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை, பழகின பிறகுதான் உறுத்தும். ஒரு சைட் எதை "ஒன்று" என்று எண்ணுகிறது?

அட்டாக் ஆன் டைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற நமக்கு அது ஒரே கதை. அனிலிஸ்டில் முக்கியக் கதை மட்டுமே எட்டுப் பதிவு, மாலில் கடைசி இரண்டு ஸ்பெஷலும் ஒரே பதிவு என்பதால் ஏழு. 2013இல் 25 எபிசோடு, 2017இல் 12, 2018இல் 12, 2019இல் 10, அப்புறம் 2020 டிசம்பரில் தொடங்கிய ஃபைனல் சீசன் 16, அதன் இரண்டாம் பகுதி 12, கடைசியாக 2023 மார்ச்சிலும் நவம்பரிலும் வந்த நீளமான இரண்டு ஸ்பெஷல்கள். ஸ்ட்ரீமிங்கில் 60ஆவது எபிசோடு என்று நம்பர் போட்டிருந்தால், சைட்டில் அது ஃபைனல் சீசனின் முதல் எபிசோடு. தங்கை இங்கேதான் மாட்டிக்கொண்டாள். 60 என்று போடப் போனால் முதல் சீசன் பக்கத்தில் 25க்கு மேல் ஏற மறுக்கிறது, உடனே சைட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டாள். கோளாறு இல்லை, 25, 12, 12, 10 எல்லாம் கூட்டினால் 59, அடுத்தது வேறு பக்கம், அவ்வளவுதான்.

டிராக்ட் மாதிரி எல்லா டிவி தொடருக்கும் பொதுவான சைட்டுகளில் இது வேறு மாதிரி. அங்கே ஒரே தொடர், அதற்குள் சீசன்கள். ஆங்கிலத் தொடர், தமிழ்ப் படம், அனிமே எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு டிராக்ட் அல்லது சிம்கல் சரிப்படும். அனிமே மட்டும் கொஞ்சமாகப் பார்ப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அனிமே அதிகமானால் டிராக்ட் வகைப் பிரிப்பு இடிக்கும். டிவியில் வராமல் நேராக டிஸ்க்கில் வருகிற ஓவிஏ, ஸ்பெஷல், படமாக வந்து பிறகு எபிசோடாக வெட்டப்பட்டது, பாதி சீசன் முடிந்து மூணு மாதம் கழித்து வருகிற மீதி, இதெல்லாம் அமெரிக்க டிவி தொடரின் அளவுக்குத் தைத்த சட்டைக்குள் போகாது. பொதுவாக எல்லாவற்றையும் "ஸ்பெஷல்ஸ்" என்ற ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள், அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குத் தனித்தனிப் பதிவுதான் பிடிக்கும். ஒரு தொடரின் முதல் சீசனை ஒரு ஸ்டூடியோ செய்திருக்கும், அடுத்ததை வேறு ஸ்டூடியோ. இதே அட்டாக் ஆன் டைட்டனில் விட் ஸ்டூடியோ மூன்றாம் சீசனோடு விலகி, ஃபைனல் சீசன் மாப்பாவிடம் போனது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடச் சொன்னால் என்னால் முடியாது. தனிப் பதிவு இருந்தால் டைரக்டர் மாறியதும், இசை மாறியதும் அந்தந்தப் பக்கத்தில் தெளிவாக இருக்கும், கீழே முன்கதை, பின்கதை என்று இணைப்பும் இருக்கும்.

இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டும் என்றால் அனிடிபி இருக்கிறது, 2002இலிருந்து. அது எண்ணுவது கோப்பை. உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் வீடியோவின் ஹாஷை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறியீட்டை வைத்து, இது எந்தக் குழு சப்டைட்டில் போட்டது, எந்தப் பதிப்பு, எத்தனையாவது எபிசோடு என்று அடையாளம் சொல்லிவிடும். ஷோகோ என்ற இலவச மென்பொருள் அதை நம்பித்தான் பெயர் மாற்றிக் குழப்பி வைத்திருக்கும் பழைய கோப்புகளைக்கூட ஒழுங்காக அடுக்குகிறது. என் நண்பன் ஒருவன் வீட்டில் பழைய கோப்புகளையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறான், அவனுக்கு அனிடிபி இல்லாமல் ஆகாது. போனில் பார்க்கிற பெண்ணுக்கு இது தேவையே இல்லை, பேரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மதிப்பெண். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மாலில் 1 முதல் 10 வரை முழு எண்தான். அனிலிஸ்டில் ஐந்து முறை இருக்கிறது: நூற்றுக்கு, தசமத்தோடு பத்துக்கு, முழு எண்ணாகப் பத்துக்கு, ஐந்து நட்சத்திரம், மூன்று முகம். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், வாடின முகம். புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து அந்த மூன்று முகத்தில் தொடங்குங்கள். முப்பது அனிமே பார்த்த ஒருவருக்கு 78க்கும் 84க்கும் என்ன வித்தியாசம் என்று தெரிய வாய்ப்பில்லை, எனக்கு அப்போது தெரியவில்லை. இன்னொன்று, நூற்றுக்குப் போட்டுப் பழகிவிட்டு மாலுக்குப் போனால் அந்த 78ம் 84ம் இரண்டும் 8 ஆகிவிடும். அவ்வளவு யோசித்துப் போட்ட வித்தியாசம் போய்விடும்.

அடுத்தவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யாதே என்றும் சொன்னேன். மாலில் நேரடிச் சராசரி காட்டுவதில்லை, வாக்குக் குறைவாக இருக்கும் அனிமேவைப் பொதுச் சராசரி பக்கம் இழுக்கிற ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஐந்தில் ஒரு பங்காவது பார்த்திருந்தால்தான் உங்கள் மதிப்பெண் எண்ணப்படும் என்றும் விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் முதலிடத்துக்கு நடக்கிற சண்டை நிற்கவில்லை. பல வருஷம் உச்சியில் இருந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்டை ஃப்ரீரன் தாண்டியபோது, ரசிகர்கள் மாறி மாறி 1 மதிப்பெண் போட்டுக் கீழே இழுக்கப் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உச்சியில் இருக்கும் வரிசையைப் பாருங்கள், இரண்டாம் சீசன், மூன்றாம் சீசன், கடைசிப் பகுதி என்று நிறைய இருக்கும். முதல் சீசன் பிடிக்காதவர் அங்கேயே நின்றுவிட்டார், மூன்றாம் சீசனுக்கு வாக்குப் போட வந்தவர் எல்லாம் ஏற்கெனவே பிடித்துப்போனவர்கள். அந்த 9ஐ நம்பி நேராக உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும். பெரிய பேர் இல்லாத, 7.2, 7.3 என்று நடுவில் இருக்கிற பன்னிரண்டு எபிசோடு தொடர்களில்தான் என் மனசுக்கு நெருக்கமான பாதி இருக்கிறது.

எதைப் பார்க்கலாம் என்று தேடுவதற்கு நான் போவது அனிமே-பிளானட். 2001இலிருந்து இருக்கிறது, இது பிடித்திருந்தால் அதைப் பார் என்று ஆட்களே எழுதிச் சேர்த்த பரிந்துரைகள், கூடவே ஏன் என்று ஒரு சின்னக் காரணம். அங்கே ஒரு நிலை இருக்கிறது, மற்ற பெரிய சைட்டுகளில் நான் பார்க்காதது: "பார்க்க மாட்டேன்". வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதை அதில் போட்டுவிடலாம். எத்தனை பேர் சொன்னாலும் எனக்கு வேண்டாம் என்று இருக்கிற நாலைந்தை அதில் போட்டு வைத்த பிறகு தேடுவதே லேசாகிவிட்டது. கிட்சுவும் இருக்கிறது, ஹம்மிங்பேர்ட் என்று இருந்து 2016இல் பெயர் மாறியது, நன்றாகவே இருக்கும், ஆனால் என் ஆட்கள் யாரும் அங்கே இல்லாததால் நான் நிலைக்கவில்லை.

வாரா வாரம் வருவதைப் பார்ப்பவர்களுக்கு நேரம் ஒரு தலைவலி. மாலில் ஒளிபரப்பு நேரம் ஜப்பான் நேரத்தில் இருக்கும். நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். வெள்ளி இரவு 11 மணி என்றால் நமக்கு ஏழரை, அது சுலபம். ஆனால் ஜப்பானில் நள்ளிரவுத் தொடர்கள் ஏராளம், அங்கே டிவி நிகழ்ச்சி நிரலில் "சனி 25:30" என்று போடுவார்கள். அப்படி என்றால் ஞாயிறு விடிகாலை ஒன்றரை. நமக்கு அது சனி இரவு பத்து மணி. சைட்டில் ஞாயிறு என்று பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் வரை காத்திருந்தால், அதற்குள் என்ன நடந்தது என்று யாராவது ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார்கள். அனிலிஸ்டும், லைவ்சார்ட் என்ற ஒளிபரப்பு அட்டவணைத் தளமும் இன்னும் இத்தனை மணி, இத்தனை நிமிஷம் என்று இறங்குமுகமாகக் காட்டுகின்றன. நான் அதை மட்டும்தான் பார்ப்பது. ஸ்ட்ரீமிங்கில் வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகலாம், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தமிழ். இந்த சைட் எதுவும் நம்மை நினைத்துச் செய்தது இல்லை, சரி. ஆனால் நம்மில் பலருக்கு முதல் அனிமே தமிழில்தான் கிடைத்தது, அதுவும் அனிமே என்ற சொல்லே தெரியாத வயசில். டோரேமானை லிஸ்டில் சேர்க்கப் போனேன். 1973இல் ஒரு தொடர், 1979இல் ஒன்று, 2005இல் ஒன்று. நான் பார்த்தது எது? ஒவ்வொன்றின் படங்களையும் திறந்து வைத்து, நோபிதா வீட்டு மாடி அறையையும் டோரேமான் படுக்கும் அலமாரியையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் கொஞ்சம் தடித்து, நிறம் மங்கலாக இருந்த அந்த 1979 அறையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு டிவியில் இருந்த அறை அதுதான்.

அனிலிஸ்டில் நாமே பெயர் வைத்துத் தனி லிஸ்ட் உருவாக்கலாம். "தமிழில் பார்த்தது" என்று ஒன்று வைத்திருக்கிறேன், தமிழ் எழுத்திலேயே. டோரேமானும் ஷின்சானும் அதில் இருக்கிறார்கள், க்ரஞ்சிரோல் தமிழ் டப் கொடுக்க ஆரம்பித்த பிறகு பார்த்தவையும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலோடு ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பார்த்தால் மறுபடி பார்த்ததாக எண்ணிக்கையும் ஏற்றிவிடுவேன். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நினைப்பதை அந்த ஒரு பதிவை மட்டும் தனியாக மறைக்கவும் வழி இருக்கிறது, தங்கை கேட்ட முதல் உருப்படியான கேள்வியே அதுதான்.

ஆக அவளுக்கு நான் சொன்ன பேர் அனிலிஸ்ட். கூடவே மாலிலும் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னேன், தினமும் போக வேண்டியதில்லை. மால்-சிங்க் என்று ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, இரண்டு இடத்து லிஸ்டையும் ஒப்பிட்டு விட்டுப்போனதைச் சரிசெய்துவிடும். மாதம் பிறந்ததும் மாலிலிருந்து அந்த எக்ஸ்எம்எல்லை இறக்கி, தேதியைப் பெயராகப் போட்டு டிரைவில் வைத்துவிடு என்றேன். அதில் நூற்றுக்குப் போட்ட மதிப்பெண்ணும் தனி லிஸ்டும் வராது, அதனால் மனசுக்கு முக்கியமான குறிப்புகளை மட்டும் வேறு இடத்தில் ஒரு பிரதி எழுதி வை என்றும் சொன்னேன். என் குறிப்புகள் இப்போது ஒரு நோட்டுப்புத்தகத்தில் இருக்கின்றன, நீல மையில்.

நேற்று ராத்திரி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். 31 பதிவு, எல்லாவற்றுக்கும் முகம் போட்டிருக்கிறாள், இரண்டே இரண்டுக்குத்தான் வாடின முகம். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, ஷின்சானை முடிச்சதுன்னு போடவா, பாதியில விட்டதுன்னு போடவா?"

1992இலிருந்து ஜப்பானில் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே போடு என்று பதில் அனுப்பினேன்.